விருந்தாளி வருமுன் வீட்டுக்காரனைக் கேள்!

தோழா!

விருந்து வரும் வீட்டை நீ பார்த்திருப்பாய். விடியுமுன்னே வாசல் தெளித்துக் கோலமிடுவர். அடுக்களையிலே புகை எழும்பும். கையிலே காசில்லாவிட்டாலும் அண்டை வீட்டிலே கைமாற்று வாங்கியாவது இலை நிறையப் பரிமாறுவர். விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய நாடு இது. வந்தாரை உபசரிக்கும் பண்பை எவரும் வந்து நமக்குக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார். விருந்து வருகிறது என்ற செய்தியே வீட்டுக்காரனுக்குத் தெரியாது. எங்கோ ஒரு நகரத்திலே வாழும் செல்வந்தர் ஒருவர் அவனுடைய திண்ணைக்கு வாடகை பேசி முன்பணமும் வாங்கிக்கொண்டு விட்டார். பிறகு அவனிடம் வந்து, “கதவைத் திற, காப்பி கொடு, சிரித்த முகத்தோடு நில், மாதம் முடிந்தால் கூலி தருகிறேன்” என்கிறார். அந்த வீட்டுக்காரன் முகம் மலரவில்லையென்றால், விருந்தோம்பத் தெரியாதவன் என்று அவனை ஏசுவது அடுக்குமா?

அடுக்காது என்பாய். ஆயினும், நம் சிற்றூர்களைப் பற்றி நாட்டிலே நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கிறது.

சுற்றுலா வளரவேண்டும் என்கிறார்கள். முன்பு இதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர். உல்லாசம் என்ற சொல்லிலே இருந்த உண்மை நெருடியதாலோ என்னவோ, பெயர் மாறிற்று. மாறட்டும். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை ஏடு ஒன்றை வெளியிட்டு, அதற்குத் தொழில் என்னும் தகுதியையும் வழங்கிற்று. பிழையில்லை. ஆலையும் வராத, ஆற்றுப்பாசனமும் எட்டாத ஊர்களுக்கு நாலு காசு வர ஒரு வழி பிறக்குமானால், அதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் தொழில் என்று சொன்ன மாத்திரத்திலேயே ஒரு கேள்வி எழுகிறது. ஆலைத்தொழில் என்றால் முதலாளி யார், தொழிலாளி யார், கூலி என்ன, சங்கம் எது என்று கேட்கத் தெரிந்த நமக்கு, சுற்றுலாத் தொழில் என்றதும் அந்தக் கேள்விகளெல்லாம் மறந்துபோவது ஏன்? அருவியும் குளிர்காற்றும் கண்ணை மயக்கிவிடுகின்றனவோ?

ஊர்மக்கள் இதைப்பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று கேட்டால், அவர்கள் வாய் திறக்குமுன்னே இருவர் ஓடிவந்து விடை சொல்லிவிடுகின்றனர். விடுதிச் சொந்தக்காரர், “ஊரார் மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள், நான் நாற்பது பேருக்குச் சோறு போடுகிறேன்” என்பார். நகரத்திலே அமர்ந்து இயற்கையைக் காதலிப்பவர், “ஊரார் பேராசைக்காரர்கள், காசுக்காகக் காட்டை விற்கிறார்கள்” என்பார். இருவருமே ஊரைக் கேட்டதில்லை.

கேட்டுப் பார்க்கலாம், என்னோடு வா. உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி. மலையின் மேலே தேயிலையும் பனியும். கீழே, மழை குறைந்த சீகூர்ப் பள்ளத்தாக்கின் முட்காடு. மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், மாயார் என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். ஒருபுறம் முதுமலைக் காடு, மறுபுறம் நீலகிரி மலைச்சுவர், நடுவிலே யானை நடக்கும் பாதை.

இந்த ஊரார் யார்? காட்டோடு பிறந்து காட்டோடு வளர்ந்த இருளரும் குறும்பரும் ஒரு பகுதியினர். மலையிலிருந்து விழும் நீரைப் பிடித்து மின்சாரம் எடுக்க, 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்கும், அதன்பின் மாயார் மின்நிலையத்துக்கும் பாறை உடைக்கவும் மண் சுமக்கவும் வந்து, வேலை முடிந்தபின் அங்கேயே வேரூன்றியோர் இன்னொரு பகுதியினர். சென்னை மாகாணத்தின் விளக்குகள் எரிவதற்காக வியர்வை சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகளை, “காட்டிலே நுழைந்து குடியேறியவர்கள்” என்று இன்று சிலர் பேசக் கேட்கும்போது, எனக்குச் சினம் பொங்குவதை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை.

இவர்கள் பிழைப்பு மாட்டிலே இருந்தது. பாலுக்காக மட்டுமல்ல, சாணத்துக்காகவும் மாடு வளர்த்த ஊர் அது. காட்டிலே மேய்ந்து வரும் மந்தையின் சாணம் பட்டியிலே குவியும். உலரவைத்து மூட்டை கட்டுவர். கேரளத்துத் தோட்டங்களுக்கு லாரியேறிப் போகும். காப்பிக்கும் மிளகுக்கும் உரமான அந்தச் சாணக் காசிலே எத்தனையோ வீடுகளிலே அடுப்பு எரிந்தது. உல்லாசப் பயணியின் புகைப்படத்திலே இதற்கு இடமில்லை. ஆனால் ஊரின் கணக்குப் புத்தகத்திலே முதல் பக்கம் அதுதான்.

1940-இல் முதுமலை சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. அப்போது ஊரிலே அச்சம் எழுந்தது, எதிர்ப்புக் குரல் எழுந்தது. புலியை வெறுத்து எழுந்த குரலன்று அது. புலியோடு பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். காகிதத்திலே கோடு போடுகிறவர் தங்கள் வீட்டைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பாரோ என்ற அச்சம்!

கோடு போட்டார்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று, மந்தை சிறுத்தது. மாட்டை விற்றவன் வேறு பிழைப்பு தேட, பயணிகள் வந்தார்கள். வெளியூர்ப் பணம் வந்தது. பொக்காபுரத்தைச் சுற்றிலும் விடுதிகள் முளைத்தன. ஏக்கர் கணக்கிலே நிலம் கைமாறிற்று. மகளின் திருமணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ விற்ற நிலத்திலே, விற்றவனே இரவுக் காவற்காரனாய் நின்று, வாங்கியவனின் காருக்குக் கதவு திறந்துவிடும் காட்சியை நீலகிரியிலும் காணலாம், கொடைக்கானல் மலையிலும் காணலாம், கடலோரத்திலும் காணலாம். “ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதன் பொருள் எனக்கு அங்கேதான் முழுதும் விளங்கிற்று. காடு பொதுச்சொத்து. யானை பொதுச்சொத்து. ஆற்றிலே ஓடுவதும் பொதுத் தண்ணீர். பரிமாறுகிற கை மட்டும் தனியாருடையது!

பின்னர் நீதிமன்றங்கள் வந்தன. 2010-இல் அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதிக்காரர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்ற ஆணைப்படி விடுதிகள் பல முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14-ஆம் நாள், வழித்தடம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்து, முறையீடுகளைக் கேட்க ஒரு குழுவையும் அமைத்தது.

தோழா, யானை நடக்கும் பாதையைக் கம்பிவேலி போட்டு அடைத்தவனுக்காக நான் வாதாட வரவில்லை. யானைக்கு வழி விடத்தான் வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். அதற்கான காரணத்தையும் மறுவருடமே மசினகுடி கண்டது. 2021 ஜனவரியில், மாவனல்லாவிலே விடுதி ஒன்றிலிருந்து எரியும் துணியை யானை மீது வீசினர். அதற்கு முன்பே முதுகுப் புண்ணால் துன்புற்றிருந்த ஆண் யானை அது. காது கருகி, ஜனவரி 19-ஆம் நாள் முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே மாண்டது. லாரியிலே கிடந்த அந்த உடலின் துதிக்கையைத் தழுவிக்கொண்டு வனப்பணியாளர் ஒருவர் கதறி அழுத காட்சியை நாடே பார்த்தது. அந்த அழுகையையும் உள்ளூராரின் மனப்பான்மை என்ற கணக்கிலே சேர்த்துக்கொள். தீ வீசிய கையை மட்டும் எடுத்துக்காட்டி, ஊரையே கொடியதென்று சித்திரிப்போர் அந்த அழுத கண்களை ஏன் மறக்கின்றனர்?

ஆனால் முத்திரை வைத்த அன்று இன்னொன்றும் நடந்தது. விடுதிச் சொந்தக்காரர் வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டு டில்லிக்குப் போனார். அங்கே பாத்திரம் துலக்கியவள் எங்கே போவாள்? ஜீப்புக்குக் கடன் வாங்கியவன் தவணைக்கு எங்கே போவான்? கட்டடம் கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்த அலுவலகங்கள், இடிக்கும்போது மட்டும் எப்படி விழித்துக்கொண்டன என்று ஊரார் கேட்டனர். மலைப்பகுதிக் கட்டடங்களை ஆராய்ந்து அனுமதி தர 1990-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. இருந்தும் அத்தனை விடுதிகள் எழுந்தன! அந்தக் கேள்விக்கு இதுவரை தக்க விடை வரவில்லை.

2012-இலும் இப்படித்தான். ஜூலை மாதம், புலிகள் காப்பகங்களின் உட்பகுதியிலே சுற்றுலா கூடாது என்று உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. அக்டோபரில் அதை நீக்கிற்று. இடையிலே போன அந்தப் பருவத்தின் வருமானம் ஊராரின் நினைவிலே இன்னும் ஆறாத வடு. அதன்பின் வந்த நெறிமுறைகள், உட்காட்டிலே ஐந்திலொரு பங்குக்கு மேல் பயணிகளுக்குத் திறக்கலாகாது என்றன. விடுதிகளிடமிருந்து பாதுகாப்புக் கட்டணம் வாங்கி உள்ளூர் நலனுக்குச் செலவிடலாம் என்றும் சொல்லின. முதலாவது, வாயிற்கதவிலே பலகையாய்த் தொங்குகிறது. இரண்டாவதைக் கேட்டுப் பெற ஊருக்கு ஆள் இல்லை.

2022 மார்ச்சில் வந்ததைப் பார். காடுகளிலே மாடு மேய்க்கலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. சுருக்கிய எல்லைக்குள்ளே முதுமலை இருக்கிறது. மேய்ச்சலையும் சமூக உரிமை என்று ஒப்புக்கொண்டு, அதைத் தொடங்கிவைக்கும் பொறுப்பைக் கிராமசபையிடம் ஒப்படைக்கும் வன உரிமைச் சட்டம் 2006-லேயே இயற்றப்பட்டதுதான். என்ன பயன்? கட்டணம் செலுத்திய பயணி அரசு வண்டியிலே ஏறி அந்தக் காட்டுக்குள் போய் மானைப் பார்த்து வரலாம். பாட்டன் காலத்திலிருந்து அங்கே மாடு ஓட்டியவன் ஓரத்திலே நிற்க வேண்டும். மாட்டு நோய் மானுக்குத் தொற்றும் என்பது அறிவியல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டிப் புகையைப் பற்றியும், தண்ணீர்க் குழியோரம் கிடக்கும் நெகிழிப்பையைப் பற்றியும், யானைக் காலைக் கிழிக்கும் மதுப்புட்டியைப் பற்றியும் அதே அறிவியல் பேசுகிறதே! புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் காசைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை 2022-இல் நீலகிரியிலே கொண்டுவர நேர்ந்ததே, அந்தப் புட்டிகளைக் காட்டிலே எறிந்தது மாடா?

சரி, இப்போது ஊரைக் கேள்.

ஜீப்பு ஓட்டும் இளைஞனைக் கேட்டால், “இன்னும் வரட்டும்” என்பான். மந்தையை இழந்த முதியவரைக் கேட்டால், வந்தவரெல்லாம் போய்த் தொலையட்டும் என்பார். விடுதியிலே துணி துவைக்கும் பெண், கூலி உயர்ந்தால் வரட்டும் என்பாள். பொழுது சாயுமுன் வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது என்பாள். ஏனெனில் யானை இறங்கும் நேரத்திலே அந்தப் பாதையில் நடந்து போகிறவள் அவள்தான். காப்பித்தூள் கடைக்காரர் ஒரு மாதிரி பேசுவார். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருப்பவள் வேறு மாதிரி பேசுவாள். ஒரே வீட்டிலே தந்தை ஒன்று சொல்ல மகன் மற்றொன்று சொல்வான். இதிலே குழப்பம் ஏதும் இல்லை. பணம் எவர் பையிலே விழுகிறது, பாரம் எவர் தோளிலே விழுகிறது என்று பார்த்தால் ஒவ்வொருவர் விடைக்கும் காரணம் விளங்கும்.

பயணி புலியைக் காணக் காசு கொடுக்கிறான், காணாவிட்டால் வருந்துகிறான். ஊரான் புலியைக் காணாதிருக்க வேண்டிக்கொள்கிறான். 2021-இல் டி-23 என்று எண்ணிட்டு அழைக்கப்பட்ட புலியைத் தேடி, வாரக்கணக்கிலே வனத்துறை அலைந்ததே, நினைவிருக்கிறதா? அக்டோபரிலே மசினகுடிக் காட்டிலேதான் அது உயிரோடு பிடிபட்டது. அந்த நாட்களிலே பயணிகள் வேறு ஊருக்குப் போய்விட்டனர். ஊரார் எங்கே போவர்? 2023 மார்ச்சில் தெப்பக்காட்டு யானை முகாமைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்ததும், பார்வையாளர் கூட்டம் அங்கே அலைமோதிற்று. யானையை வளர்த்த பழங்குடித் தம்பதியை உலகம் புகழ்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சமூகத்தாரின் குடியிருப்புகளுக்குப் பட்டா எங்கே, பாதை எங்கே என்று வந்த கூட்டத்திலே எத்தனை பேர் கேட்டனர்?

மலைமேலே இன்னொரு போராட்டம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இணைய அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற முறை, உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7-இல் தொடங்கியது. 2025 கோடையிலே வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வேலை நாட்களில் 6000, வார இறுதியில் 8000. ஏப்ரல் 2-ஆம் நாள் நீலகிரி வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தனர். வரம்பு சரியா தவறா என்று நீ கேட்கலாம். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று அளந்து, அதற்கேற்ப வரம்பு கட்டுவது சரியே. 2011 கணக்குப்படி 7,35,394 மக்கள் வாழும் மாவட்டம் அது. அவர்கள் தண்ணீரும் சாலையும் வண்டி வரிசையிலே நசுங்கக் கூடாது. ஆனால் அந்த எண்ணை நீதிமன்றம் சொன்னது, அலுவலகம் செயற்படுத்தியது, வணிகர் எதிர்த்தனர். ஊராட்சி எங்காவது வாய் திறந்ததா? வாய் திறக்க இடம் இருந்ததா?

இங்கேதான் நம் அரசியல் வருகிறது, தோழா.

ஊராட்சிகளுக்கு உயிர் கொடுத்த 73-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலே ஓர் அட்டவணையைச் சேர்த்தது, பதினோராவது அட்டவணை. ஊராட்சிக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகள் அதிலே உள்ளன. வேளாண்மை உண்டு, கால்நடை உண்டு, மீன்வளம் உண்டு, குடிநீர் உண்டு, சந்தையும் திருவிழாவும் கூட உண்டு. சுற்றுலா இல்லை! விருந்தாளி வருவது ஊருக்கு; ஆனால் விருந்தைப் பற்றி ஊர் பேசுவதற்குப் பட்டியலிலே ஒரு வரி கிடையாது. குப்பையை அள்ளுவது ஊராட்சி, தெருவிளக்கு போடுவது ஊராட்சி, விடுதிக்குத் தண்ணீர் போதவில்லையென்றால் ஏச்சு வாங்குவதும் ஊராட்சி. எத்தனை விடுதி, எந்த இடத்தில், யாருக்கு வேலை என்று முடிவு செய்வது மட்டும் வேறெங்கோ.

“படிக்காத ஊரார் இதையெல்லாம் முடிவு செய்வதா?” என்று கேட்கும் மேதாவிகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போ. அங்கே கும்பினிக் காலத்திலே, வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியிலே இறங்கும் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்கவில்லை, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்று 1798-இல் கௌல் வாங்கினர். நாட்டிலே வனவிலங்குச் சட்டம் பிறப்பதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்னே! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். தங்கள் நெல்லும் அந்த நாரையும் ஒரே கணக்கிலே வாழ்கின்றன என்பது அவர்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்லாத பாடம். அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்க 2020-இல் ஒரு முன்மொழிவு வந்தது, எதிர்ப்புக் கிளம்பியது. 2022-இல் அந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலிலே இடம் பெற்றது. இன்று பயணி தொலைநோக்கியோடு நிற்கும் கரையை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காவல் காத்தவர், ஊதியம் வாங்காத உழவர்.

மலையைத் தாண்டிக் கேரளத்தையும் பார். குமரகத்துக்கு 2000-ஆம் ஆண்டின் இறுதியிலே பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்கப் போனார். ஊரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. விடுதிகள் பெருகின. ஆனால் விடுதிச் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து வந்தது. ஊரார் வயல் தரிசாய்க் கிடந்தது. மனக்கசப்பு மூண்டது. 2008-இல் ஊராட்சியை நடுவே நிறுத்தி, பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைத் தொடங்கினர். விடுதிக்கு வேண்டிய கீரையும் வாழையும் முட்டையும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடமிருந்து வாங்குவதென்றும், விலையைக் குழு கூடி நிர்ணயிப்பதென்றும் ஏற்பாடு. முதலிலே தடுமாறினர், கேட்ட அளவு காய் வரவில்லை, வந்த காய்க்கு ஆள் வரவில்லை. விடாமல் முயன்றனர். 2017-இல் அந்த மாநில அரசு அதற்கென்றே தனி இயக்கம் அமைத்தது. குமரகத்திலே இன்று குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயணியை முறைத்துப் பார்த்த ஊர், கணக்குப் புத்தகம் தன் கைக்கு வந்ததும் பயணிக்கு வள்ளம் ஓட்டவும் பாய் பின்னிக் காட்டவும் முன்வந்தது. மனம் மாறிய இடம் அது.

நம் இயக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை. கசக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அருவிக்கரையிலே வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் ஏலத்தை எடுப்பவர் யார்? மலையடிவாரத்திலே நிலத்தரகு பேசுபவர் யார்? எல்லாக் கட்சிக் கொடிகளும் அந்தப் பக்கம் பறக்கக் கண்டிருக்கிறேன். கொடி எவருடையதாயினும், கட்டணச் சீட்டிலே ஊராட்சிக்கு உரிய பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பதுதான் உன் வேலை. ஏலம் எடுத்தவர் நம்மவர் என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிட்டால், பிறகு மேடையேறிப் பாட்டாளிக்காகப் பேசுவதிலே பொருளில்லை.

அடுத்த கிராமசபைக்கு நீ போகும்போது, உன் ஊரிலே சுற்றுலாத் திட்டம் எதுவென்றாலும், படகுத்துறையோ, பார்வைக் கோபுரமோ, விடுதியோ, அதன் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் தமிழிலே சுவரில் ஒட்டச் சொல். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், கழிவை எங்கே விடுவார்கள் என்று கேள். உள்ளூராருக்கு எத்தனை வேலை என்பதோடு நிறுத்தாதே. மேலாளர் வேலையிலே எத்தனை, துடைப்பம் பிடிக்கும் வேலையிலே எத்தனை என்று பிரித்துக் கேள். வசூலில் ஊராட்சிக்குப் பங்கு என்று தீர்மானம் எழுதச் சொல். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அதையும் எழுதச் சொல். நீலகிரி உள்ளிட்ட பல மாவட்டங்களிலே 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. மன்றம் இல்லாதபோதும் கிராமசபை உண்டு; வாக்காளர் அத்தனை பேரும் அதன் உறுப்பினர்.

ஒரு தடை இருக்கிறது, அதையும் அறிந்து போ. 2022 முதல் தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் விடுமுறை நாட்கள். விடுமுறை நாளிலேதான் விடுதிகள் நிரம்பி வழியும். அன்றைக்கு ஜீப்புக்காரன் ஜீப்பிலே இருப்பான். பாத்திரம் துலக்குகிறவள் விடுதியிலே இருப்பாள். சமையற்காரனுக்கு மூச்சுவிட நேரம் இராது. யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசவேண்டுமோ அவர்களெல்லாம் விருந்தாளிக்கு ஊழியம் செய்துகொண்டிருக்க, கூட்டம் அவர்கள் இல்லாமலேயே கூடிக் கலையும். ஆகவே மார்ச் 22 அல்லது நவம்பர் 1-ஆம் நாள் கூட்டத்தைச் சுற்றுலாவுக்கென்று ஒதுக்கக் கேள். அவ்விரண்டும் பொது விடுமுறை அல்ல. அதற்கும் இசையாவிட்டால் பருவமில்லாத நாளிலே சிறப்புக் கிராமசபை கூட்டக் கோரிக் கையெழுத்துத் திரட்டு. கூட்டத்தைக் காலையிலேயே தொடங்கச் சொல், தோழா. பொக்காபுரத்திலிருந்து நடந்து வரும் பெண் பேசி முடித்து, யானை இறங்குமுன் வீடு போய்ச் சேரவேண்டும்.